அர்பாபின் சீனக் கஷாயம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்றாலும் வளைகுடாக் கரையில், தேராவில், என் அர்பாபின் துணிக் கிடங்கில் எந்தக் கட்டு எங்கே கிடக்கிறது என்று என்னைக் கேட்காமல் அவர் மகன்களால்கூட எடுக்க முடியாது. எனக்கு முதலாளியும் அவர்தான், விசா கொடுத்த கபீலும் அவர்தான். எழுபதுகளின் நடுவில் அவர் சரக்கு வாங்க ஹாங்காங் போய்த் திரும்பியபோது, துணியோடு ஒரு தகரப் பெட்டி நிறைய மருந்துப் பொட்டலங்களும் வந்து இறங்கின. அன்று போனது என் தூக்கம்.

அவருக்குச் சர்க்கரை நெடுநாளாக உண்டு. கொஞ்ச காலமாகக் கால் வீங்கியது, மூத்திரம் நுரைத்தது. சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்கிறது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். ஹாங்காங்கில் ஒரு சீன வைத்தியர் இரண்டு கை நாடியையும் வெகுநேரம் பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, இந்தப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுத்தாராம். வீட்டில் யாருக்கும் காய்ச்சத் தெரியவில்லை. கஷாயம் குடித்தே வளர்ந்தவர்கள் நாங்கள் என்று நான் வாயை விட்டேன். வேலை என் தலையில் விழுந்தது.

பொட்டலத்தைப் பிரித்தால் மஞ்சளாகச் சீவிய வேர், கையில் ஒட்டும் கறுப்புக் கிழங்கு, சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளைத் துண்டுகள். பெயர் ஒன்றும் தெரியாது. எங்கள் வழக்கப்படி எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி, சக்கையை வீசிவிட்டு, தார்போல ஒரு மடக்கு கொடுத்தேன். அர்பாப் அன்று கடைக்கே வரவில்லை. கழிப்பறையை விட்டு அகல முடியவில்லை. பிறகு ஹாங்காங் போய்வந்த ஒரு வியாபாரியைக் கேட்டால் சீனர் முறையே வேறு. மிதமாகக் காய்ச்சி வடித்து, அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, இரண்டையும் கலந்து காலையும் மாலையும் பாதிப் பாதியாகக் கொடுக்க வேண்டும். எனக்கு ஒருமுறை சொன்னால் போதும். அதன்பின் அந்த மண்சட்டியை என்னைப்போலப் பக்குவமாகக் கையாண்டவன் அந்தக் கடற்கரையிலேயே கிடையாது.

விடியுமுன் அர்பாப் வீட்டுப் பின்முற்றத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு, பிறகு கிடங்கு, சாயங்காலம் மறுபடி அவர் வீடு. சத்வாவில் நான் தங்கிய அறைக்குத் திரும்பினால் கூட இருந்த தையல்காரர், அவரும் திருநெல்வேலிக்காரர்தான், மூக்கைப் பொத்துவார். "வே வைத்தியரே, சட்டைய வெளியிலயே கழத்திட்டு வாரும். தைக்கக் குடுத்த துணியெல்லாம் வேர் நாத்தம் அடிக்கி."

ஆனால் என் சண்டை சட்டியோடு அல்ல, விருந்தாளிகள் கூடும் மஜ்லிஸோடு. வந்தவர்களோடு சேர்ந்து வீட்டுக்காரரும் சாப்பிடாவிட்டால் அங்கே மரியாதைக் குறைவு. கஷாயம் குடித்த வாயில் பேரீச்சம்பழம், அதன்மேல் சர்க்கரை வழியும் சுலைமானி, பால் விடாத டீ. அவருக்கென்று சர்க்கரை போடாத டீயை நானாகத் தனிக் கெண்டியில் வைத்து ஊற்றினேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்து என்னைப் பார்த்தார். விருந்தாளிகள் முன்னால் மிச்சத்தையும் குடித்து வைத்தார். சமையல்காரனோடு மல்லுக்கட்டி உப்பையும் குறைத்தேன். வீக்கம் வற்றியது. வீட்டார் சீன மருந்தைப் புகழ்ந்தார்கள். என் பேரை யாரும் எடுக்கவில்லை. நானே எடுத்தால்தான் உண்டு.

கோடை வந்ததும் திரும்ப வீங்கியது. சோறு பிடிக்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு. வேரையும் கிழங்கையும் நிறுத்திவிட்டுப் பம்பாய் போய் ரத்தம் சுத்தம் செய்யும் மிஷினில் படுங்கள் என்றார் டாக்டர். மருந்துக்கு வீக்கம் கேட்டால் இங்கேயே இருக்கட்டும், கேட்காவிட்டால் பம்பாய் என்று மகன்கள் முடிவு செய்திருந்தார்கள். அவர் காலைக் கந்தூரா அங்கி மூடியிருக்கும். தினமும் அதை விலக்கி, கட்டைவிரலால் வீக்கத்தை அழுத்திப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.

ஒரு சாயங்காலம் கோப்பையை நீட்டியபோது என்னை உட்காரச் சொன்னார். நாங்கள் பேசுவது பாதி இந்தி, பாதி அரபி. அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நீதான் காய்ச்சுற. நீ சொல்லு, இது கேக்குதா?"

இன்ஷா அல்லா, நல்லாகிவிடும் என்றே எல்லோரும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்படிப் பேச வராது.

"இல்ல அர்பாப். அழுத்துனா குழி அப்படியே நிக்குது. பம்பாய் போங்க."

அவர் கோபப்படவில்லை. கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"எனக்கும் தெரியும். என் தம்பி அந்த மிஷின்லதான் கிடந்து செத்தான், பக்கத்துல நான் இருந்தேன். நான் இங்கயே இருக்கேன். நீ காய்ச்சு. அடுப்பு எரியிற வரைக்கும் பசங்க என்னைப் பிளேன்ல ஏத்த மாட்டானுங்க."

மறுநாளும் காய்ச்சினேன். மூட்டை சுமந்திருக்கிறேன், கப்பலில் சரக்கு இறக்கியிருக்கிறேன். அந்த அசதியெல்லாம் படுத்தால் தீர்ந்துவிடும். கேட்காது என்று தெரிந்த மருந்தை இரண்டு வேளையும் பக்குவம் பார்த்துக் காய்ச்சும் அசதி தூங்கினாலும் போகவில்லை. மூத்த மகன் வெள்ளிக்கிழமைதோறும் அடுப்பங்கரைக்கு வந்து மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார். "ஜைன்", நன்றாக இருக்கிறது என்பேன். நல்லது என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்.

நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், தம் வீட்டில், தம் கட்டிலிலேயே அர்பாப் போனார். துக்கம் கேட்க வந்தவர்களால் மஜ்லிஸ் நிறைந்திருந்தது. மூத்த மகன் என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தி, வாப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன் இவன்தான், பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு செய்யவில்லை என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை; வெள்ளிக்கிழமைதோறும் நான் சொன்ன ஜைன்தான் பொய். ஆனால் எனக்கு எங்கேயாவது போய்க் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.