பசுவுக்குப் பரீட்சை

பரீட்சை என்றால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். ஆனால் நான் பயந்து செத்த பரீட்சை நான் எழுதியதல்ல. எங்கள் வீட்டுப் பசு எழுதியது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. ஆரியங்கோட்டில் மாமா வீட்டில்தான் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மா மிஷன் சபைக் குடும்பத்துப் பெண். அப்பா பூவார் பக்கத்துக் கடப்புறத்து மீனவர், ஆர்.சி. கத்தோலிக்கர். அந்தக் கல்யாணத்தை மாமா தலைகீழாக நின்று தடுத்தும் அம்மா கேட்கவில்லையாம். மங்களூருக்கு விசைப்படகு வேலைக்குப் போன அப்பா மாதக்கணக்கில் வரமாட்டார். நான் தட்டை உடைத்தாலும் சரி, ஞாயிறு பள்ளியில் வசனம் மறந்தாலும் சரி, "அவனுக்க பிள்ளைதானே" என்பார் மாமா. மற்றபடி நல்லவர்தான், சந்தைக்குப் போனால் மிட்டாய் வாங்காமல் வரமாட்டார்.

எங்கள் பசு, தாய்க்குச் சினை ஊசி போட்டுப் பிறந்தது. தலையீற்று முடிந்ததும் அதன் காதில் மஞ்சள் வில்லை ஒன்று ஏறியது. நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து ஒரு கால்நடை ஆபீஸ் சார் மாதம் ஒருமுறை வந்து, பாலைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்து, சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவார். என்னத்துக்கு என்று அம்மா கேட்டபோது, "புரோஜெனி டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துவிட்டார். அம்மா புரிந்தமாதிரி தலையாட்டினாள். எனக்குப் புரியாமல் மாமாவிடம் போனேன்.

"டெஸ்டுன்னா பரீட்சை ஆக்கும் மக்கா," என்றார் மாமா, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு. "பாலு குறைஞ்சா தோத்துப்போச்சுன்னு எழுதி, நேரா அறுப்புக்கு ஏத்திருவினும்."

அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போனது. அந்த மாதம் பார்த்து விடாத மழை. நனைந்த புல்லைப் பசு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பால் குறைகிறதே என்று அம்மா தினமும் முனகுவாள். அவள் முனகும்போதெல்லாம் லாரியில் ஏறி நின்று பசு என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும். என் ரசகதலிப் பழத்தை அதற்குக் கொடுத்தேன். பிஸ்கட்டைக் கொடுத்தேன். கர்த்தாவே, நான் வேண்டுமானால் கணக்கில் தோற்கிறேன், பசு ஜெயிக்கட்டும் என்று ஜெபம்கூடப் பண்ணினேன்.

சார் வந்த சாயங்காலமும் மழைதான். தொழுவத்தில் ஒழுகியதால் தராசை முன்வராந்தாவில் கட்டிவிட்டு, அங்கேயே சாயா குடித்துக்கொண்டிருந்தார். அம்மா கறந்து முடித்துக் கன்றை அவிழ்க்கப் போகையில், "இதைக் கொண்டு குடு மக்களே" என்று வாளியை என் கையில் தந்தாள். எட்டிப் பார்த்தேன். முக்கால் வாளிகூட இல்லை. அடுக்களைப் புறவாசலில் பசுவுக்கென்று எடுத்துவைத்த கஞ்சித்தண்ணீர் இருந்தது. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. ஒரு செம்பு மொண்டு ஊற்றினேன். போதாதென்று இன்னொரு செம்பு.

தராசு முள் இறங்கியதைப் பார்த்து சார் புருவத்தை உயர்த்தினார். பிறகு குப்பியில் பாலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஒரு சோற்றுப் பருக்கை மிதந்தது.

"இதெந்தா சேச்சி, உங்க பசு சோறும் கறக்குமோ?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் "ஓ"வென்று அழுதுவிட்டேன். "பசுவை அறுப்புக்கு ஏத்தாதீங்க சாரே" என்பதைத் தவிர வேறு ஒன்றும் என் வாயில் வரவில்லை. பிரம்பு நாற்காலியில் பத்திரிகையோடு இருந்த மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "பாத்தியா, கள்ளத்தனம் எங்க போவும்? அவனுக்க பிள்ளைதானே!" என்றார்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. குந்தியிருந்து என் கண்ணைத் துடைத்தார். "மோளே, புரோஜெனின்னா சந்ததி. இந்தப் பரீட்சை பசுவுக்கு இல்லே, அதுக்க அப்பன் காளைக்காக்கும். காளை பால் கறக்குமோ? கறக்காது. அதுக்க மகள்கள் எவ்வளவு கறக்குதுன்னு பாத்துத்தான் காளை நல்லதா, வேண்டாமான்னு முடிவெடுப்போம். பசுவை ஒருத்தரும் கொண்டுபோக மாட்டாங்க." நோட்டில் எழுதிய எடையை அடித்துவிட்டு, மறுநாள் வந்து திரும்ப நிறுப்பதாகச் சொன்னார்.

எனக்கு உயிர் வந்தது. அம்மா என்னை அடிக்க ஓங்கிய கை என் தலைமேல் இறங்கிக் கிடந்தது.

"ஒரு மகள் மோசமாயிட்டா, அப்பனும் மோசம்னு எழுதிருவியளா சாரே?"

"அய்யோ, ஒருத்தியை வச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது சேச்சி. எத்தனையோ வீட்டு மகள்களைக் கூட்டிப் பாக்கணும். ஒவ்வொரு வீட்டிலயும் தீனி வேற, வளர்ப்பு வேற அல்லே?"

அம்மா மாமா பக்கம் திரும்பினாள். "கேட்டியளா அண்ணா?"

மாமா பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். புண்ணாக்கு வாங்கிப் போடாததற்குத்தான் அம்மா குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் தொழுவத்துக்கு ஓடினேன். பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உனக்குப் பரீட்சையே இல்லையாம் என்று சொன்னேன். அந்த வீட்டில் என் அப்பாவுக்கும் ஒரே ஒரு மகளை வைத்துத்தான் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.