பூஜை நாளில் பிளந்த குழாய்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி குழாய் ஆலை ஒன்றில், நல்ல குழாயை நசுக்கிப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். என் மாமாவுக்கு வரவில்லை. பழவேற்காடு ஏரியில் வலை போட்டே வளர்ந்தவர் அவர், என் அம்மாவின் தம்பி. அவர் மகள் எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். நான் படகை விட்டு ஆலைக்குப் போனதும் மாமா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கோ அவளை விட்டால் வேறு யாரும் வேண்டாம். அவளுக்கும் அப்படித்தான்.

"அவன் வேலைய கண்ணால பார்த்துட்டுதான் சொல்லுவேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தவர், ஆயுதபூஜை அன்று வந்தார். அன்று மட்டும்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பூசணி உடைத்து, சாஸ்திரத்துக்கு ஒரு சுருள் தகடு ஓட்டுவார்கள்.

தகடு உருளைகளுக்கு நடுவே போகப் போக, பாயைச் சுருட்டுவது போல ஓரங்கள் மேலே மடங்கி வட்டமாகும். இரண்டு ஓரமும் சந்திக்கும் இடத்தில் மின்சாரம் பாய்ந்து, இரும்பு பழுத்து, பக்க உருளைகள் அழுத்த ஒட்டிக்கொள்ளும். மேலே பிதுங்கி நிற்பதை ஓர் உளி சூட்டோடு சீவித் தள்ளும். பிறகு தண்ணீரில் குளிர்ந்து, அளவாக அறுபட்டு வரும். துத்தநாகத்தில் முக்குவது, மரை போடுவது எல்லாம் அப்புறம். அதற்கு முன்னால் ஒரு துண்டை வெட்டி என்னிடம் தருவார்கள். ஒட்டு பக்கவாட்டில் இருக்கும்படி பிரஸ்ஸில் வைத்து நசுக்குவேன். ஒட்டு திறந்துகொண்டால் நான் கையைத் தூக்க வேண்டும். மில் நின்றுவிடும்.

மாமா கை கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றார். "நல்ல கொழாய இன்னாத்துக்குடா நசுக்கற?"

"ஒட்டு தாங்குதான்னு பார்க்கத்தான் மாமா."

பிரஸ்ஸை இறக்கினேன். பாதி அமுங்கியதுமே ஒட்டு நெடுக வாய் பிளந்தது.

பூஜை நாள், முதல் துண்டு, பெண் கொடுக்க வேண்டியவர் பக்கத்தில். ஃபோர்மேன் நெருங்கி வந்து சொன்னார்: "நல்ல நாளும் அதுவுமா நிறுத்தாதபா. இத்த ஓரமா போட்டுட்டு வேற துண்டு எடு. நாளைக்குப் பார்த்துக்கலாம்." மாமா காதிலும் அது விழுந்தது. பூஜை அன்று ஓடிய மில் நடுவில் நின்றால் அபசகுனம் என்று ஆலையில் எல்லோருக்கும் பயம். எனக்கு வந்ததோ கோபம். பொட்டு வைத்தால் பிளந்தது ஒட்டிக்கொள்ளுமா? கையைத் தூக்கிவிட்டேன். மில் நின்றது. வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா பொரியைக்கூட வாங்காமல் வெளியே நடந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை பின்னால் போனேன். பஸ் தூரத்தில் தெரிந்ததும் திரும்பினார்.

"புதுப் படகு எறக்கின அன்னிக்கே பலகை சந்துல தண்ணி கசிஞ்சிது. ஆசாரி பார்த்துட்டான். நல்ல நாளாச்சேன்னு கம்முனு இருந்துக்கினான். பொறவு அவனே வந்து சொல்லி அழுதான். அந்தப் படகுலதான் என் பெரிய பையன் போனான்."

அவர் மகன் புயலில் சிக்கி இறந்தான் என்றுதான் அதுவரை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"தையில வெச்சிக்கலாம். அக்காவாண்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டு மாமா பஸ்ஸில் ஏறினார்.