பங்குனி வலி

மகள் ரேஷ்மா அரக்கோணம் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காட்டுப்பாக்கத்து ஃபிளாட்டின் பால்கனியில் அவளுடைய சைக்கிள் மட்டும் நின்றது. டயரில் காற்று இறங்கிப்போகும்போதெல்லாம் கோகுல்நாத் பம்ப் வைத்து அடித்துவைப்பான். பிள்ளை எப்போது வந்து ஏறினாலும் வண்டி ஓட வேண்டும் அவனுக்கு.

கோகுல்நாத் ஆவடி டேங்க் பேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கண்காணிக்கும் வேலை. வருஷம் பூராவும் நைட் ஷிப்ட். விடிந்ததும் வீட்டுக்கு வந்து, கனத்த திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தானானால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பான். வெயில் என்பது கம்பெனி வேனின் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

அந்தப் பகல் தூக்கத்தில்தான் வலி வரும். பங்குனியில் ஆரம்பித்தால் சித்திரை முடிகிறவரை விடாது. அப்புறம் அடுத்த பங்குனி வரை எட்டிப் பார்க்காது. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்துத் திருகுவதுபோல இருக்கும். அந்த ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டும், அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகும். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. கூண்டில் அடைத்த மிருகம் மாதிரி அறைக்குள் நடப்பான். ஒருவர் சைனஸ் என்றார். இன்னொருவர் நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார். கடைசியாகத்தான் ஒரு நரம்பு டாக்டர் இது கிளஸ்டர் தலைவலி என்று பெயர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். வலி வந்தால் முகமூடி போட்டு ஆக்சிஜன் பிடிக்கலாம், வீட்டிலேயே சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். சிலிண்டருக்கு மட்டும் கோகுல் ஒப்பவில்லை. அவனுடைய அப்பாவுக்குக் கடைசி நாட்களில் கட்டிலருகே அதுதான் நின்றது. அதைப் பார்த்தால் குழந்தை பயந்துவிடுவாள் என்று நினைத்தான்.

குழந்தை அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பார்த்துப் பயந்தாள். போன சித்திரையில் ஒரு மத்தியானம், கதவு திறந்து கிடந்ததைப் பார்த்து உள்ளே வந்த ரேஷ்மாவின் கண் முன்னால் கோகுல் குளியலறைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். நெற்றியில் ரத்தம். அன்றிலிருந்து அவள் தூக்கத்தில் அலறி எழுந்தாள். அப்பா பக்கத்தில் வந்தால் உடம்பு விறைத்துப்போகும்.

மனைவி ரேணுகா அவளை அரக்கோணத்தில் தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயே பள்ளிக்கூடமும் சேர்த்தாள்.

"உங்கள விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க. அவ ராத்திரியில தூங்கணும்ல" என்றாள், புறப்படும்போது.

அவன் தலையாட்டினான். கோபப்பட அதில் ஒன்றும் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பொங்கலுக்கு அரக்கோணம் போனபோது குழந்தை அவனோடு கொஞ்சம் சிரித்துப் பேசினாள். திரும்பி வந்த மறுவாரம் அவளே போன் பண்ணினாள்.

"பரீட்சை லீவுக்கு நான் அங்க வரட்டுமாப்பா?"

"வாடா கண்ணு."

"அப்போ உனக்குத் தலவலி வருமா?"

"வராது" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் அதை எப்படி உண்மையாக்குவது என்று தேட ஆரம்பித்தான். இதே வலிக்காரர்கள் கூடிப் பேசுகிற குழு ஒன்று இணையத்தில் இருந்தது. வைட்டமின் டி எடுத்துக்கொண்டு வலி நின்றுவிட்டது என்று அதில் சிலர் எழுதியிருந்தார்கள். தினம் பத்தாயிரம் யூனிட், சிலருக்கு அதைவிட அதிகம். கூடவே ரத்தப் பரிசோதனை, டாக்டரின் கண்காணிப்பு. கோகுல் தனக்கு வேண்டிய வரியை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டான்.

பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்தான். வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. அறுபதாயிரம் யூனிட் மாத்திரை, வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார் அவர். கோகுலுக்கோ பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. வாரம் ஒன்று போட்டால் எப்போது நிரம்பி, எப்போது வலி நிற்பது? தினம் ஒன்று போட்டான். ஒரு மருந்துக்கடையில் கேள்வி கேட்டால் அடுத்த தடவை வேறு கடையில் வாங்கினான். யாரோ சொன்னார்கள் என்று கால்சியம் மாத்திரையும் சேர்த்துக்கொண்டான். ஒவ்வொரு மாத்திரையையும் விழுங்கும்போது, கூடத்தில் உட்கார்ந்து ரேஷ்மா படம் வரைவதும், அவள் கால் தன் மடியில் கிடப்பதும் நினைவில் வந்து நிற்கும்.

மாசி கடைசியில் அவனுக்குத் தாகம் அடங்கவில்லை. சோறு இறங்கவில்லை. வேலையில் எந்த சர்வர் எது என்றே குழம்பியது. எல்லாம் தூக்கமில்லாத குறை என்று நினைத்துக்கொண்டான்.

அதைக் கவனித்தவன் தேவராஜ். அந்தக் குடியிருப்புக்கே தண்ணீர் கேன் போடுகிறவன், கோகுலுக்குக் குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்து சிநேகம்.

"இன்னா மச்சான், முன்ன ஒரு கேனு வாரம் பூரா வரும். இப்ப மூணு நாளு தாங்கல. ஊட்ல நீ ஒருத்தன்தான கீற?"

"தாகமா கீதுடா" என்று எழுந்த கோகுல், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தான். அப்படியே சரிந்து வாந்தி எடுத்தான்.

தேவராஜ் பாக்கிக் கேன்களைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு, தண்ணீர் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போரூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் தடுமாற ஆரம்பித்திருந்தது. அட்மிட் செய்து நரம்பில் சலைன் ஏற்றினார்கள்.

டாக்டர் வசந்தகுமாரி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னென்ன சாப்பிட்டீங்க?"

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"உங்களுக்குக் குறைவா இருந்தது நிஜம். அதை ஏத்த வேண்டியதும் நிஜம். ஆனா இது உடம்புக் கொழுப்புல தங்குற வைட்டமின். அதிகமானா தண்ணி மாதிரி வெளியே போயிடாது. இன்னும் பல வாரம் உள்ளேயே இருக்கும். நான் சொல்ற வரைக்கும் இதுவும் வேண்டாம், கால்சியமும் வேண்டாம்."

"தலவலிக்குக் கேக்கும்னு எழுதியிருந்தாங்க மேடம்."

"சிலருக்குக் குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. உறுதியா சொல்ற அளவுக்கு இன்னும் ஆராய்ச்சி வரலை. பின்னால வேணும்னா, ரத்தம் பார்த்துப் பார்த்து அளவா எடுக்கலாம். ஆனா ஆக்சிஜன் நிறையப் பேருக்கு நல்லாவே கேக்கும். அதை ஏன் வேண்டாம்னீங்க?"

கோகுல் தலையைத் திருப்பினான். அறை வாசலில் ரேணுகா வந்து நின்றிருந்தாள். தேவராஜ் போன் பண்ணியிருக்க வேண்டும். டாக்டர் போன பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சலைன் ஏறுகிற கையை மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"வராதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

ரேணுகா எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினாள்.

பங்குனி பிறந்தது. வலியும் வந்தது. தேவராஜ் ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்து படுக்கையறை மூலையில் நிறுத்தினான். நரம்பு டாக்டர் பழைய மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, ஈசிஜி எடுத்து, அளவைக் கூட்டினார். முகமூடியை மூக்கோடு அழுத்திப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னால் திருகும் கம்பி இளகிவிடும். சில நாள் வலி வராமலே போனது. அது மாத்திரையாலா, உள்ளே தங்கியிருந்த வைட்டமினாலா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை ரேணுகா குழந்தையோடு வந்தாள். லீவு முழுக்க அல்ல, அன்று பகலுக்கு மட்டும். சாப்பிட்டுக் கண்ணசந்தபோது கோகுலுக்கு வலி பிடித்துக்கொண்டது. எழுந்து கதவைத் தாழிட்டு முகமூடியைப் போட்டுக்கொண்டான். கதவின் கீழ் இடுக்கில் இரண்டு சின்னப் பாதங்களின் நிழல். அது நகரவே இல்லை. வலி இறங்க ஆரம்பித்ததும் போய்த் தாழைத் திறந்தான்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"பொய் சொல்லாதப்பா."

"கொஞ்சம் கீது" என்றான்.

அவள் சிலிண்டரைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் மூச்சு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவிடவில்லை.

சாயங்காலம் ஆவடி ஸ்டேஷன் வரை கூடப் போனான். அரக்கோணம் வண்டியில் ஏறி, இடம் பிடித்து, ரேஷ்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்தான். வண்டி நகர்ந்தது. அவன் இறங்கவில்லை.

"டிக்கெட் எடுக்கலையே நீங்க" என்றாள் ரேணுகா.

"பட்டாபிராம்ல எறங்கிடுறேன்."

பட்டாபிராம் வந்தது. கம்பியைப் பிடித்தபடி வாசலைப் பார்த்தான், பிறகு குழந்தையின் பின்னலைப் பார்த்தான். நிற்க வேண்டிய நேரம் நின்றுவிட்டு வண்டி புறப்பட்டது. ரேணுகா சற்று நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.