மச்சில் வேகும் சோறு

எங்கள் வீட்டு மச்சில் யாரோ சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், காலாண்டு விடுமுறையில் அது தொடங்கியது. விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்னால், கோயில் மேளம் தெப்பக்குளத்தைத் தாண்டி விட்டுவிட்டுக் கேட்கும்போது, மாடிப்படியின் இருட்டிலிருந்து அந்த வாசனை இறங்கி வரும். பாசுமதி அரிசி முக்கால் பதம் வெந்து கஞ்சி பொங்குகிற நேரத்து வாசனை. எங்கள் வீட்டில் பாசுமதி வாங்குவதில்லை. மச்சில் அடுப்பும் கிடையாது. அந்த அறையைப் பூட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மச்சு என்று நாங்கள் சொன்னது, ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே இருந்த ஒற்றை அறையை. தாத்தாவின் தம்பி, எனக்குச் சின்னத் தாத்தா, கல்யாணம் செய்துகொள்ளாமல் அதில்தான் வாழ்ந்தார். அதில்தான் போனார். அவருடைய கட்டில், ரேடியோ, துணி போட்ட சாய்வு நாற்காலி எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க, காரியங்கள் முடிந்த அன்று அத்தை கதவைப் பூட்டிச் சாவியை அடுக்களை ஆணியில் மாட்டினாள். அப்பா மஸ்கட்டில் வேலையாக இருந்தார். ஆகவே அந்தப் பெரிய வீட்டில் அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான் என்று மூன்று பேர்தான்.

முதல் நாள் வாசனை வந்தபோது அம்மா கரண்டியும் கையுமாக அடுக்களையிலிருந்து வெளியே வந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "சித்தப்பாவுக்குப் பசிக்கறதோ என்னமோ" என்றாள். அத்தை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேடிக்கை பேசும்போதும் பின்னம் சொல்லித்தரும்போதும் அவள் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். அம்மாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

வாசனையைத் தொடர்ந்து நடை வந்தது. பெரியவர்களின் நடை இல்லை. வெறுங்காலோடு சின்னக் குழந்தை ஒன்று தலைக்கு மேலே பலகையில் நடப்பது போல இருக்கும். பிறகு நிற்கும். பிறகு எதையோ இழுக்கிற சத்தம். அதற்கும் பிறகு, மச்சுக் கதவுக்கு முன்னால் இருந்த கடைசிப் படியில் ஒரு காலை விதைகள் கிடந்தன. சப்போட்டா விதைகளும் கொய்யா விதைகளும் ஒரு சிறு குவியலாக, யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி. அம்மா அதைத் துடைப்பத்தால் தள்ளித் தெருவில் கொண்டுபோய்க் கொட்டினாள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் இன்னொரு குவியல். அம்மா அதன் பிறகு அந்தப் படிகளில் கால் வைக்கவில்லை.

நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. கொலு பொம்மைகள் மச்சில் தகரப்பெட்டிக்குள் இருந்தன. மூன்று தலைமுறையாக வீட்டில் இருந்த களிமண் பொம்மைகள். இந்த வருஷம் கலசம் மட்டும் வைத்தால் போதும் என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. பேயைவிட, கொலு இல்லாத வீட்டுக்குச் சிநேகிதிகளைக் கூப்பிடுவதுதான் அப்போது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஒரு மத்தியானம் அம்மா கண்ணயர்ந்திருந்தபோது, ஸ்டூலைப் போட்டு ஏறிச் சாவியை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன்.

கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. கண்ணாடி ஓடு வழியாகச் சதுரமாக ஒரு வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. கட்டிலில் தூசி, ரேடியோவில் தூசி, தகரப்பெட்டியின் மேல் என் பெயரை எழுதும் அளவுக்குத் தூசி. சாய்வு நாற்காலியில் மட்டும் தூசி இல்லை. அதன் துணி நடுவில் குழிந்திருந்தது. யாரோ அந்த நிமிஷம்தான் எழுந்துபோன மாதிரி. எனக்கு என்ன தோன்றியதோ, உள்ளங்கையை அந்தக் குழிவில் வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

தலைக்கு மேலே, உத்திரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே, ஏதோ ஒன்று நீளமாக மூச்சு விட்டது. நான் எப்படிக் கீழே வந்தேன் என்று நினைவில்லை. சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வந்தது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்தால், சாவி வழக்கம்போல அடுக்களை ஆணியில் தொங்கியது. யார் பூட்டினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எனக்குக் காய்ச்சல் கண்டது. எங்களுக்குப் பக்கத்து வீடு பாய் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பாய் தன் வீட்டு முன்னறையில் ஆட்டோக்களுக்கு சீட் தைக்கிற கடை வைத்திருந்தார். மொட்டைமாடியில் புறா வளர்த்தார். தாத்தா காலத்திலிருந்தே தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பட்சணம் அங்கே போகும். பெருநாளுக்கு அங்கிருந்து சேமியா, சர்க்கரை, முந்திரி எல்லாம் சமைக்காமல் பொட்டலமாக இங்கே வரும். எனக்கு எப்போது காய்ச்சல் வந்தாலும் பாயின் மனைவி என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிவாசல் வாசலில் நிற்பார். தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி என் நெற்றியில் ஊதுவார்கள். இந்த முறையும் அவர் வந்தார். அம்மா நிலைப்படியிலேயே நின்று, டாக்டரிடம் காட்டியாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அம்மாவின் மனதில் ஒரு கணக்கு ஓடியிருந்தது. எங்கள் மாடிப்படிக்கு வெளியிலிருந்து ஒரு கை நீள முடியுமானால், அது அந்தப் பொதுச்சுவர் வழியாகத்தான் முடியும். அந்த வருஷத்துப் பெருநாள் சேமியா பிரிக்கப்படாமல் அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. நல்லதோ கெட்டதோ, பாயின் மனைவி ஒருநாள் தயிருக்கு உறை கேட்டு வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். உறை வாங்காமலே திரும்பிப் போனார்.

அந்த வாரம்தான் புறாக்கள் சாகத் தொடங்கின. உடல் இருக்காது. இறக்கைகள் மட்டும் இருக்கும், விரித்து வைத்த விசிறி போல, எங்கள் ஓட்டின் விளிம்பில். வானத்தில் கரணம் போடுகிற அருமையான புறாக்கள் அவை. பாய் ஒரு காலையில் வெள்ளை இறக்கை ஒன்றைக் கையில் பிடித்தபடி எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

"இன்னாமா இது? எல்லாம் உங்க ஓட்டு மேலதான் கீது. மேல இன்னா வெச்சுக்கீறீங்க?"

அம்மா, தான் மனதில் வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். படியில் விதை வைத்தது யார், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது எதனால், செய்வினை என்றால் என்னவென்று தனக்குத் தெரியாதா. பாயின் முகம் கறுத்துப்போனது. அவர் இறக்கையைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் அவருடைய தையல் மெஷின் சத்தம் கேட்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து கேட்டு வந்த சத்தம் அது. அது நின்றதும் வீட்டுக்குள் இன்னும் யாரோ இருப்பது போல இருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து வேலையாகப் போயிருந்த அத்தை திரும்பி வந்தாள். அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டாள். காபிகூடக் குடிக்காமல் பாய் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பாய், ஒரு அஞ்சு நிமிஷம் எங்காத்து மாடிக்கு வாங்கோ. வந்து பாத்துட்டு அப்பறம் என்ன வேணா சொல்லுங்கோ."

அவர் வந்தார். நான் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை விரட்டவில்லை. அந்த வாசனை அப்போது படிக்கட்டு முழுக்க நிரம்பியிருந்தது. அத்தை பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தாள். பாய் தன் செல்போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் பாதி மறைத்துக்கொண்டார்.

சாய்வு நாற்காலியில் இரண்டு கண்கள் எரிந்தன. அவற்றுக்குக் கீழே, சின்னதாக இன்னும் நான்கு. கறுத்த முகம், நீண்ட வால், சாம்பல் நிற உடம்பு. இரண்டு குட்டிகள் அதன் வயிற்றில் ஒட்டிக்கிடந்தன. அது ஓடவில்லை. சீறவும் இல்லை. சின்னத் தாத்தா வந்தவர்களைப் பார்ப்பது போல, உட்காரச் சொல்லாமல், எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அது மிருகம் என்று தெரிந்த பிறகும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தெரிந்த பிறகுதான் அதிகமாகச் சிலிர்த்தது என்றுகூடச் சொல்லலாம்.

"மரநாய், பாய்" என்று அத்தை கிசுகிசுத்தாள். "இந்தச் சோத்து வாசனை அதோட ஒடம்புலேர்ந்துதான். படில கெடந்த வெதையெல்லாம் அது பழம் தின்னுட்டு எச்சத்துல விட்டது. வெளில தெரிஞ்சா யாராவது வந்து பிடிச்சுண்டு போயிடுவா. அதான் யார்கிட்டயும் சொல்லலை. உங்க புறாவை எடுக்கும்னு நான் நெனைக்கலை. தப்புதான்."

பாய் போன் வெளிச்சத்தைச் சட்டென்று தாழ்த்தினார். "டீச்சரம்மா" என்றார். "நான் மத்தியானம் செவுத்து மேல கறியில மருந்து வெச்சிட்டேன். கடுவன் பூனைன்னு நென்ச்சு வெச்சிட்டேன்."

அடுத்த நிமிஷம் அவர் கீழே இருந்தார். சுவர் ஓரமாக ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி, வைத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. இருட்டிக்கொண்டிருந்தது. மேலே பலகையில் அந்தச் சின்ன நடை தொடங்கிவிட்டது. தாய் இரை தேட இறங்கும் நேரம். பாய் முழங்காலிட்டு எங்கள் முற்றத்தைத் தடவித் தேடினார். அத்தை சாக்கடைப் பக்கம் தேடினாள். வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூடத் தனியாக வைக்கிற அம்மா, கைவிளக்கோடு மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லச் சொன்னாள்:

"பாய், இங்க ஒண்ணு கெடக்கு."

துளசி மாடத்தின் பிறையில், அகலுக்குப் பக்கத்தில், காக்கை கொண்டுவந்து போட்ட மாதிரி கிடந்தது அது. பாய் எடுக்கக் கூசினார். அம்மா விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். அவர் எடுத்தார்.

மறுநாள் அம்மா மாடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் சேமியா பாயசம் வைத்து, ஒரு தூக்கில் ஊற்றி, என்னிடம் கொடுக்காமல் தானே பாய் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. பாய் தன் புறாக் கூண்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்தார். எங்கள் ஓட்டில் இருந்த இடைவெளியை அடைக்கவேண்டும் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பொம்மைகளை அத்தை இறக்கிக்கொடுத்தாள். கொலுவும் வைத்தோம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பெரியப்பா ஆதம்பாக்கத்திலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். பெரியப்பா அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஓடு ஒழுகுகிறது, உத்திரம் உளுத்துவிட்டது, இனி இதைக் காப்பாற்ற முடியாது, இடித்து ஃப்ளாட் கட்டிவிடலாம் என்பது அவர் கட்சி. அதில் பொய் ஒன்றும் இல்லை. உடன் வந்தவர் கட்டடம் கட்டுகிறவர். விரலெல்லாம் ராசிக்கல் மோதிரம். பாய் இருந்த வீட்டையும் சேர்த்து எடுத்தால் மனை சதுரமாக வரும் என்று சொல்லிக்கொண்டே முற்றத்தை அளந்தார். பாய் அங்கே வாடகைக்கு இருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வந்தவர் கடை வாசலில் நின்று, கொஞ்சம் சிரித்தபடி கேட்டார். "இன்னா பாய், மேல ஏதோ கீதுன்னு தெருமுனையில பேசிக்கிறாங்களே. உண்மையா?"

பாய் மெஷினை நிறுத்தினார். அத்தையை ஒரு தடவை பார்த்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். கண்ணால பாத்துக்கீறேன். ஒரு தாயும் ரெண்டு கொயந்தைங்களும். செத்துப்போனாரே பெரியவரு, அவரு நாற்காலியிலதான் படுத்துக்கினு கீறாங்க."

"கொழந்தைங்களா?"

"பால் குடிக்கிற கொயந்தைங்க சார். நாம உள்ள போனா கண்ணு மட்டும் தெரியும். ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நாம ஒண்ணும் பண்ணாத வரைக்கும்."

அப்போது விளக்கேற்றும் நேரம். படிக்கட்டிலிருந்து வாசனை கிளம்பி, முற்றத்தைக் கடந்து, வாசலுக்கு வந்தது. வந்தவர் மூக்கை உறிஞ்சினார். "யாரு சமைக்கிறாங்க?" என்றார். அடுக்களை இருட்டாக இருந்தது. அம்மா எங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் தோளில் இறங்கி அழுத்தியது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டு, காரை நோக்கி வேகமாக நடந்தார்.

அவர் போனதும் எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பாய் குனிந்து ஊசியில் நூல் கோக்க முயன்றார், நூல் நுழையவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்ன மனிதர் ஏன் பொய் சொன்னவரைப் போல உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரியப்பா கோபப்படுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆளை அழைத்து வந்தவர் அவர்தானே. அவரோ முற்றத்தில் நின்றபடி காபியை ஆற்றிக் குடித்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது, தெருவைப் பார்த்தபடியே தணிந்த குரலில் அத்தையிடம் கேட்டார்.

"இந்தத் தடவை ரெண்டுதானா?"

"ரெண்டுதான் அண்ணா."

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். இரண்டு என்றுதான் பாய் அவ்வளவு தெளிவாகச் சொன்னாரே, அதையே மறுபடி கேட்கிறாரே, பெரியப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.