எம்மெட், வாயை மூடு

மே மாதம் பிறந்த பிறகும் மூன்றாவது பேஸுக்குப் பின்னால் தண்ணீர் குட்டை கட்டி நின்றால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? காலையில் மைதானத்துக்கு வந்த கோச் லோவல் ட்வெட் அதைப் பார்த்தார். குட்டையில் ஒரு வாத்து வேறு சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தது. அவர் வாத்தைத் திட்டினார், வானத்தைத் திட்டினார், இந்த வடக்கு மினசோட்டாவில் பேஸ்பால் ஆடலாம் என்று முதலில் நினைத்த புண்ணியவானையும் திட்டினார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பூனை வெளிக்குப் போகவென்று வாங்கி வைத்திருந்த மணல் மூட்டையைத் தோளில் தூக்கினார்.

“அது பூனையோடது,” என்றாள் அவர் மனைவி மார்லிஸ், காப்பிக் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமலே.

“ஈரத்தை இது மாதிரி வேற எதுவும் உறிஞ்சாது.”

“அப்ப பூனை எங்க போகும்?”

“மைதானத்துக்கு வரச் சொல்லு. எங்க பசங்க பண்ற அசிங்கத்தோட அதுவும் சேர்ந்து கிடக்கட்டும்.”

மார்லிஸ் சிரிக்கவில்லை. “இன்னைக்காவது ஜெயிச்சுட்டு வா, லோவல்,” என்றாள்.

அன்றைக்குப் பருவத்தின் கடைசி ஆட்டம். நார்ட்வால் கல்லூரி அணி அதுவரை ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஒன்றில்கூட! மழையில் தோற்றார்கள், வெயிலில் தோற்றார்கள், ஏப்ரல் பனியில் விரல் விறைத்துப்போய்த் தோற்றார்கள். ஒருமுறை மட்டைப் பையைக் கல்லூரியிலேயே மறந்து வைத்துவிட்டு அரை நாள் வேனில் போய், எதிரணியிடமே மட்டை இரவல் வாங்கி, இரவல் கொடுத்தவர்களிடமே தோற்றுத் திரும்பினார்கள். இன்னொரு முறை, ஜெயிக்கிற நிலைமையில் இருந்தபோது, வலது கோடியில் நின்ற பையன் வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற காதலியோடு பேசிக்கொண்டிருந்தான். பந்து அவன் முதுகில் வந்து விழுந்தது. “என்னடா பண்ணிட்டிருந்த?” என்று லோவல் கேட்டதற்கு, “அவளுக்கு இன்னைக்குப் பிறந்தநாள், கோச்,” என்றான். இதற்கு மேல் அந்தப் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது?

கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவி கன்டர்சன் ஏற்கனவே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். “கோப்பை கொண்டுவரச் சொல்லல, லோவல். ஒன்னே ஒன்னு ஜெயிச்சுக் காட்டுங்க, போதும். பூஜ்யத்தை வச்சுக்கிட்டு நான் மேல யாருக்கும் பதில் சொல்ல முடியாது. அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

வேறு ஆளாம்! புல் வெட்டுவது லோவல். வெள்ளைக் கோடு போடுவது லோவல். வேன் ஓட்டுவதும் சேறு அப்பிய சீருடைகளைத் துவைப்பதும் லோவல். காலையில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடல்நலப் பாடம் எடுத்து, அவர்கள் நல்ல உடல்நலத்தோடு தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் அதே லோவல்தான். “இத்தனையும் செய்ய எந்த மடையன் வருவான்?” என்று மார்லிஸிடம் கத்தினார். “உன்னை மாதிரி இன்னொருத்தன் கிடைக்காமலா போயிடுவான்?” என்றாள் அவள். அவருக்குச் சுருக்கென்றது. இதே மைதானத்தில் மாணவனாக ஆடியவர், படிப்பு முடிந்தும் ஊர் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர். இந்த வேலை போனால் வேறெதுவும் தெரியாது. கோபம் கோபமாக வந்ததே தவிர, உள்ளுக்குள் இருந்தது பயம்தான்.

கடைசி ஆட்டத்துக்குப் பந்து வீச எம்மெட் ராட்கேயை நிறுத்தினார். கடைசி வருஷ மாணவன். அணியில் உருப்படியான கை அவனுடையது ஒன்றுதான். ஆனால் அந்தக் கையைக் கொடுத்த கடவுள் கூடவே ஒரு வாயையும் கொடுத்துத் தொலைத்திருந்தார். வேன் கிளம்பினால் தொடங்குவான். சீஸ் எப்படிச் செய்கிறார்கள், அத்தை ஏன் விவாகரத்து வாங்கினாள், வாத்துக்குப் பல் உண்டா இல்லையா என்று அடுத்த ஊர் வரும்வரை ஓயமாட்டான். இலையுதிர் காலத்தில் பல் மருத்துவம் படிக்கப் போகிறான், இடமும் கிடைத்துவிட்டது. “நோயாளி வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடப்பான், பதில் பேச முடியாது. இவனுக்குன்னே உண்டாக்கின தொழில்யா,” என்பார் துணைக் கோச் கோர்டி. அந்த வருஷம் முழுக்க லோவலின் வாயில் அதிகம் வந்த வாக்கியம் “எம்மெட், வாயை மூடு” என்பதுதான்.

ஆட்டம் தொடங்கியது. எம்மெட்டின் பந்து அன்றைக்கு என்னவோ பேய் பிடித்ததுபோல் போனது. எதிரணியில் ஒருத்தனாலும் அதை ஒழுங்காக அடிக்க முடியவில்லை. நாலாவது இன்னிங்ஸ் முடிந்து பையன்கள் கொட்டகைக்குத் திரும்பியபோது எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. உடனே பெஞ்சின் ஒரு கோடியில் எம்மெட்டைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் மறுகோடியில் போய் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டார்கள்.

பந்து வீசுகிற பிட்சர் ஒருத்தன் இப்படி யாரையும் அடிக்க விடாமல் வீசிக்கொண்டே போனால் அவனோடு பேசக் கூடாது. அதைப் பற்றி மூச்சே விடக் கூடாது. பேசினால் கண் பட்டுவிடும், அடுத்த பந்தே அடி வாங்கும். கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கிறவனும் இதை நம்புகிறான், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவனும் நம்புகிறான். லோவலும் நம்பினார். கோர்டி எல்லோருக்கும் ஒரு படி மேலே. வாரம் முழுக்க இன்ஷூரன்ஸ் விற்றுவிட்டு இங்கே சும்மா வந்து உழைக்கிற மனிதர். நாலாவது இன்னிங்ஸில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டேய், யாராவது இங்க வாங்கடா,” என்றான் எம்மெட். மறுகோடியில் அத்தனை பேரும் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவன் எழுந்து லோவலிடம் வந்தான். “கோச், ஒரு நிமிஷம்.”

லோவலுக்கு அப்போதுதான் மேகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டே மட்டைகள் இருந்த பக்கம் நடந்துவிட்டார்.

ஐந்தாவது இன்னிங்ஸில் ஓர் அதிசயம். எதிரணிக்காரன் மூன்றாவது பேஸுக்கு எறிந்த பந்து கை தவறி அந்தக் குட்டையில் போய் விழுந்தது. பூனை மணல் ஊறிக் கூழாகக் கிடந்ததில் பந்து புதைந்துவிட்டது. அவன் அதைத் தோண்டி எடுப்பதற்குள் நம் பையன் ஓடிக் கடைசிப் பேஸை எட்டிவிட்டான். பூனை புண்ணியத்தில் ஓர் ஓட்டம்! ஒன்றுக்குப் பூஜ்யம். 

ஆறாவது முடிந்ததும் எம்மெட் மறுபடியும் வந்தான். “கோச், இது முக்கியம். நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க.”

“பதில் சொல்லாத!” என்று பல்லிடுக்கில் சீறினார் கோர்டி. “வாயத் தொறந்த, தொலைஞ்சோம்!”

லோவல் குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நிமிர்ந்தபோது எம்மெட் தன் கோடிக்குப் போய்விட்டிருந்தான். ஏழாவதுக்குப் பிறகு அவன் வரவில்லை. எட்டாவது முடிந்து வந்து உட்கார்ந்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.

எம்மெட் சும்மா இருந்தான்! லோவலை முதலில் உறுத்தியது அதுதான். ஓரக்கண்ணால் பார்த்தார். பையன் தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்தான். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தான். வலது கை மடியில் யாருடையதோ போலக் கிடந்தது. லோவல் பார்த்தார், பார்க்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இன்னும் ஒரே இன்னிங்ஸ், கடவுளே, ஒரே இன்னிங்ஸ்.

ஒன்பதாவதில் முதல் ஆள் அவுட். அடுத்தவனுக்குப் போட்ட பந்துகளில் ஒன்று எம்மெட்டின் கையிலிருந்து நழுவி, பந்து பிடிக்க எதிரே குந்தியிருந்த கேட்சரின் தலைக்கு மேலே எங்கோ பறந்து பின்வலையில் மோதியது. மற்றதெல்லாம் குறி தவறி விலகிப் போக, எதிராளி அடிக்காமலே நடந்து முதல் பேஸுக்குப் போனான். லோவல் எழுந்தார்.

“எங்கய்யா போற? உட்காரு!” கோர்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “இன்னும் ரெண்டே பேரு! ஒருத்தனும் அடிக்கல, எவனும் அடிக்கல!”

தானே வாயைத் திறந்து சொல்லிவிட்டதைக் கோர்டி கவனிக்கவில்லை. லோவல் சட்டையை உதறிக்கொண்டு, வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் தாண்டி, எம்மெட் நின்ற வீச்சு மேட்டுக்கு நடந்தார். அதிக ஆட்கள் இல்லாத பார்வையாளர் பலகைகளிலிருந்துகூட ஐயோ என்று ஒரு சத்தம் வந்தது.

“கைக்கு என்னடா?”

“அப்பாடா, பேசிட்டீங்களா!” என்றான் எம்மெட். “நாலாவதுலேர்ந்து அதத்தான் சொல்ல வர்றேன். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போச்சு. குளிருன்னு நினைச்சேன். ஆறாவதுல முழங்கைக்குள்ள என்னமோ சுரீர்ன்னுச்சு. உங்ககிட்ட வந்தா ஷூ நாடா கட்டுறீங்க. கேட்சர்கிட்ட சொன்னா அவன் பாட்டுப் பாட ஆரம்பிச்சுடறான். எனக்குக் கொள்ளைநோய் வந்த மாதிரி ஓடுறீங்க எல்லாரும்.”

“மடையா, கத்தித் தொலைச்சிருக்கலாமேடா!”

“வருஷம் பூரா வாயை மூடுன்னு சொன்னது நீங்கதானே, கோச்?”

 லோவல் அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு விரல்களும் உள்ளே மடங்கி நின்றன. நீட்டச் சொன்னார், அவை நீளவில்லை.

“இன்னும் ரெண்டு பேர்தானே,” என்றான் எம்மெட். “போட்டுடறேன். உங்களுக்கு இது வேணும்னு எல்லாருக்கும் தெரியும், கோச்.”

ரெண்டே ரெண்டு பேர். அந்தப் பையனே சரி என்கிறான். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள், அவரையும் அவனையும் தவிர யாருக்கும் தெரியவும் தெரியாது. அடுத்த வருஷமும் இதே புல்லை வெட்டலாம், இதே வாத்தைத் திட்டலாம். லோவல் அந்த விரல்களையே பார்த்தார். என்றோ ஒரு நாள் யாரோ ஒருவருடைய வாய்க்குள் நுழைந்து ஊசி பிடிக்க வேண்டிய விரல்கள்.

“பந்தைக் கொடு.”

“கோச்...”

“கொடுன்னா கொடேன்டா! எரிச்சல் ஏற்கனவே உச்சந்தலையில நிக்குது எனக்கு!”

எம்மெட் இடது கையால் பந்தைக் கொடுத்தான். சொந்த அணிப் பையன்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொட்டகையில் கோர்டி ஒருவழியாக எழுந்து நின்றார். “இனிமே எதுக்கு அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்?” என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனார்.

மாற்று பிட்சராக இருந்தது பிரெக்கன் ஒருத்தன்தான். அவன் எறிகிற பந்து எங்கே போகும் என்பது அவனுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. வந்த முதல் ஆளின் இடுப்பில் பந்தாலேயே அடித்து, அதற்கு ஈடாக அவனுக்கு முதல் பேஸைத் தானம் கொடுத்தான். அடுத்தவனை நடக்க விட்டான். எல்லா பேஸிலும் ஆள் நிற்க, அந்தப் பருவத்திலேயே நேராகப் போன ஒரே பந்தை அப்போது போட்டான். எதிராளி அதை வேலிக்கு அந்தப்பக்கம் அனுப்பி வைத்தான். பந்து வயலில் விழுந்தது, ஒரே அடியில் நாலு ஓட்டம். எப்படியோ மிச்ச ரெண்டு பேரை அவுட்டாக்கிவிட்டுத் திருப்பி அடிக்கப் போன நம் பையன்கள் மூன்று பேரும் காப்பி ஆறுவதற்குள் அவுட்.

கன்டர்சன் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். “திங்கக்கிழமை என்னை வந்து பாருங்க, லோவல்,” என்றாள். 

“நீ பேசியிருக்கக் கூடாதுய்யா,” என்றார் கோர்டி, மட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டே.

“நாலாவதுலயே பேசியிருக்கணும்,” என்றார் லோவல்.

எம்மெட்டைத் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். முழங்கையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். தானியக் கிடங்கு போனது, பால் பண்ணை போனது, இன்னும் விதைக்காத வயல்கள் ஒவ்வொன்றாகப் போயின. பையன் மூச்சு விடவில்லை. அந்த அமைதி லோவலுக்குத் தாங்கவில்லை.

“என்னடா, ஒன்னும் பேச மாட்டேங்கற?”

“எரிச்சலா இருக்குன்னு சொன்னீங்களே.”

“ஆமா, எரிச்சலாத்தான் இருக்கு. நீ பேசு.”

“எதைப் பத்தி?”

“எதையாவது பேசித் தொலையேன். அந்த வாத்துக்குப் பல் இருக்கா, இல்லையா?”

எம்மெட் திரும்பி உட்கார்ந்தான். “இல்ல கோச், ஆனா பாருங்க, நாக்கோட ஓரத்துல சீப்பு மாதிரி ஒன்னு இருக்கு,” என்று ஆரம்பித்தான். வாத்து முடிந்து அத்தை வந்தாள், அத்தை முடிவதற்குள் சீஸ் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் அவன் முடிக்கவில்லை. லோவல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.