பதினேழாம் கம்பத்தின் மீது விழுந்த பழி

ஓடுகிற ரயிலைத் துரத்தி ஏறுகிறவர்கள் உண்டு. ரேடியோ அலையை ஏவி ரயிலைத் துரத்திச் சம்பளம் வாங்கியவர் நம் கம்பத்தக்கா. பாதையோரக் கம்பங்களில் ஏறி, அதிவேக ரயிலில் போகிறவர்களுக்கு இணையம் அறுந்துபோகாமல் ஆன்டெனாக்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

இந்த உயர் அதிர்வெண் அலை பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி. வேகம் உண்டு, பொறுமை கிடையாது. ஓர் இலை குறுக்கே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டார்ச் வெளிச்சம்போல் ஒடுங்கிய அது ரயில்மேலேயே விழவேண்டும். அதனால் வழக்கமான வேகத்தை வைத்து, ரயில் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று ஒவ்வொரு கம்பமும் முன்கூட்டியே கணித்து அலையைத் திருப்பும்.

மற்ற கம்பங்கள் சமர்த்து. பதினேழாவது மட்டும் மூன்று வாரமாகக் காலை ரயிலைக் கோட்டைவிட்டது. வெள்ளிக்கிழமை மேலதிகாரி அதே ரயிலில் உட்கார்ந்து வீடியோவில் பேசிப் பார்க்கப்போகிறார். பேச்சு அறுந்தால் அக்காவுக்கு மலைக்கு அந்தப்பக்கம் மாற்றல். வீட்டுக்காரரும் மகளும் இந்தப்பக்கம்.

அக்கா தினமும் ஏணி போட்டார். ஆன்டெனாவைத் துடைத்தார், மாற்றினார், திட்டியும் பார்த்தார். புதன்கிழமை பல்வலி என்று விடுப்பு எடுத்தார். அன்று ஒரு குறையும் இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றான் மறுநாள், கணினி பார்க்கிற சக ஊழியன். "நீங்க ஏறினாத்தான் அறுந்துபோகுது. கம்பத்துக்கு உங்களைக் கண்டாலே ஆகலை."

"வாயை மூடிட்டு ரயில் வந்த நேரத்தைக் காட்டுடா."

காட்டினான். அக்கா ஏணியில் நின்ற நாளெல்லாம் ரயில் ஒன்றரை நொடி தாமதம். அலை சரியான இடத்துக்குப் போய்க் காத்திருந்தது, ரயில்தான் வரவில்லை. ஓட்டியவர் யார் என்று கேட்கவேண்டியதில்லை. மூன்று வாரமாகக் காலை ரயிலை ஓட்டுவது சாட்சாத் அக்காவின் வீட்டுக்காரர்.

மாலையில், வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவரிடம் விசாரணை தொடங்கியது.

"என் கம்பத்துக்கிட்ட வேகத்தைக் குறைக்கிறீங்களா?"

"லேசா. நீ உச்சியில நிக்கிறே. காத்து அடிச்சுத் தள்ளிடுச்சுன்னா?"

"இடுப்புல பட்டி கட்டிட்டுத்தானே நிக்கிறேன்! நீங்க குறைக்கிறதாலதான் நான் ஏறவேண்டியிருக்கு!"

"நீ ஏறுறதாலதானே நான் குறைக்கிறேன்?"

உலகத் தலைவர்கள் இதே வாதத்தைப் பல ஆண்டுகள் நடத்துவார்கள். வெங்காயம் தீய்ந்துவிடும் என்பதால் இவர்கள் ஐந்து நிமிடத்தில் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை. சோதனையின்போது ஆள் ஏணியில் இருக்கவேண்டும் என்பது விதி. ஏன் என்று விதியைக் கேட்கும் வழக்கமில்லை. ரயில் முழு வேகத்தில் வந்தது, அக்காவின் தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது. அதிகாரியின் பேச்சு அறுந்துபோகவே இல்லை. பொதுவாகவே அறுந்துபோகாது என்று அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

அக்கா ஏணியிலேயே ஒரு குதி குதித்தார். ரயில் கடைசி நிலையம் சேர்ந்ததும் அங்கிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"ஜெயிச்சாச்சு! ஆனா ஒண்ணு கேக்கணும். குறைக்காதீங்கன்னுதானே சொன்னேன், பாக்காதீங்கன்னா சொன்னேன்? திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டீங்க?"

"பாத்தா கை தானா பிரேக்குக்குப் போயிடும்மா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா," என்று கீழேயிருந்து சக ஊழியன் கத்தினான், "கொஞ்சிட்டு மெதுவாவே இறங்குங்க. ஏணி மட்டும் எனக்கு வேணும், எடுத்துட்டுப் போறேன்."