விடலை போடப் போன நேரம்

என் மகளுக்கு அந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைப் போட்டுவிட டீச்சருக்கு ஒரு மாதம் ஆயிற்று. மைதானத்துப் புழுதியில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, முதல் வாரம் ஷூவை அவள் பக்கத்தில் வைத்ததோடு சரி. அடுத்த வாரம் அதற்குள் கையை விட்டுப் பார்க்க வைத்தார். அதற்கடுத்த வாரம் ஒரு கால். கொலுசுகூடத் தங்காத கால் அது. செருப்பைப் போட்டுவிட்டால் கழற்றித் தெருவில் எறிந்துவிடுவாள். ஒரு நாள் சாயங்காலம் இரண்டு காலிலும் ஷூவோடு எழுந்து நின்றாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து, உள்ளங்கைகள் படாமல் கைதட்டிக் காட்டினார். சத்தம் கேட்டால் பிள்ளை காதைப் பொத்திக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சு கிடையாது, ஓட்டம் உண்டு. கதவு ஒரு சாண் திறந்திருந்தால் போதும், போய்விடுவாள். அதனால் எங்கே போனாலும் என் சேலைத் தலைப்பை அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வேன். வருஷாவருஷம் பச்சை உடுத்தித் திருச்செந்தூர் முருகனிடம் பாதயாத்திரை போகும்போதும் அப்படித்தான். தண்ணீர்ப் பந்தல்களில் அவள் தயங்கினால், "நிக்காத தாயி, அப்பன் காத்துக்கிட்டு இருக்கான், போயிக்கிட்டே இரு" என்று சொல்லிச் சொல்லியே கூட்டிப் போவேன். அந்தப் பாதையில் மட்டும் அவள் என்னை ஒரு நாளும் இழுத்ததில்லை.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஓர் அறையில் இவளைப் போல எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். விளையாட்டு டீச்சர் மணப்பாட்டுக்காரர். இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. தன் வகுப்புகள் முடிந்ததும் வந்து இந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். இதற்கென்றே படித்த ஓர் ஆசிரியரை வைத்தால்தான் அந்த அறை நிலைக்கும், அதற்கு ஊரைத் திரட்டி ஒரு ஓட்டம் நடத்தலாம் என்பது அவருடைய யோசனை. தாளாளர் சம்மதித்தார். ஆனால் இந்தப் பிள்ளைகளை மேடையில் மாலை போட்டு உட்கார வைத்தால் போதும் என்றார். "இந்தப் பிள்ளைகளுக்காக ஓடுதோம்னு சொல்லிட்டு, இவங்கள நாற்காலியில கட்டி வைக்கவா சார்?" என்று டீச்சர் கேட்டாராம். ஏதாவது ஒன்று நடந்தால் அந்த அறையும் இருக்காது, டீச்சருக்கு வேலையும் இருக்காது என்று தாளாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

பயிற்சி நடக்கிறது என்று சொன்னதும் பலசரக்குக் கடையில் இருந்த என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "ஏளா, இவளுக்கா ஓடப் படிச்சுக் குடுக்காங்க? நாமல்லா இவ பின்னால ஓடிப் படிச்சிருக்கோம்." அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

ஓட முடிந்தவளுக்கு நிற்கத்தான் தெரியாது. அதற்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். மைதானத்தின் கடைசியில் நான் சில்லுக்கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் ஓடிவந்து, என் வயிற்றில் முட்டி நின்று, அதை வாங்கித் தின்பாள். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. "ரிப்பன் அவளுக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்கதான் அவளுக்கு எல்லை. நீங்க நிக்குற இடத்துலதான் அவ நிப்பா" என்று டீச்சர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

கடற்கரைச் சாலையில் தொடங்கி, திருச்செந்தூர் ரோட்டில் இருக்கும் பள்ளிக்கூட வாசலில் முடிவதாக ஏற்பாடு. அன்று காலையில் மஞ்சள் பனியன் போட்ட பிள்ளைகள், பேனர், மோர்ப் பானைகள் என்று வாசல் நிறைந்திருந்தது. என் மகளும் டீச்சரும் நின்ற கடற்கரைச் சாலையில் கொடியசைத்தாயிற்று என்று யாரோ போனில் சொன்னார்கள். வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். என் பையில் சில்லுக்கருப்பட்டியோடு ஒரு தேங்காயும் இருந்தது. என் பிள்ளை நாலு பிள்ளைகளோடு சேர்ந்து ஓடினால், தேங்காயைச் சிதற எறிந்து விடலை போடுவதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தேன். ஓட்டம் முடிந்த பிறகு போட்டிருக்கலாம். முன்னாலேயே போட்டுவிட்டால் ஒரு இடைஞ்சலும் வராது என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த தெருதான் கோயில்.

ஓங்கி எறிந்தேன். தேங்காய் உடையவில்லை. உருண்டு சாக்கடையில் விழுந்தது. அப்படியே திரும்பியிருந்தால் சரியாக இருந்திருக்கும். விடலை உடையாமல் எப்படித் திரும்புவது? அபசகுனம் ஆயிற்றே. கடைக்குப் போய் இன்னொரு தேங்காய் வாங்கிவந்து எறிந்தேன். சிதறியது. கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது வாசலில் ஒரே ஆரவாரம். முதலில் வந்தவளே என் மகள்தானாம். ரிப்பனை அறுத்துக்கொண்டு, நிற்காமல் போயிருக்கிறாள். சந்தோஷத்தில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடுகிறாள் என்று நினைத்து எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். டீச்சர் பின்னால், நடக்கச் சிரமப்பட்ட ஒரு பிள்ளையின் கையைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார்.

போலீசும் வாத்தியார்களும் ரயில்வே கேட், பஸ் ஸ்டாண்டு என்று தேடினார்கள். அவள் எந்தப் பக்கம் போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெற்கே, நாங்கள் பாதயாத்திரை போகும் வழியில், அப்பனிடம். வீட்டுக்காரரின் வண்டியில் ஏறி அந்த ரோட்டிலேயே போனோம். முள்ளக்காடு தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் குத்தும் இடத்தில், ஒரு உப்பு லாரி குறுக்கே நின்றது. உப்பு வாரும் பெண்கள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஷூ இல்லை. அந்தக் கால் கிழிந்து, உப்பு ஏறி, தொடக்கூட விடாமல் அலறிக்கொண்டிருந்தாள். லாரிக்காரர் சட்டென்று பிரேக் போட்டிராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று அந்தப் பெண்களே சொன்னார்கள்.

மறுநாள் தாளாளர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டீச்சர் நின்றுகொண்டிருந்தார். முடியும் இடத்தில் பிள்ளையைப் பிடிக்க யாரை நிற்க வைத்திருந்தீர்கள் என்று தாளாளர் கேட்டார். டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் என் பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால், பெற்றவளே இப்படி என்று சொல்லி என் மகளை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் வீட்டுக்காரர் வேறு இருந்தார்.

"நான்தான் சார் அங்க நின்னிருக்கணும்" என்றார் டீச்சர்.

அந்த மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் அறையையும் பூட்டினார்கள். எட்டுப் பிள்ளைகளும் வீட்டுக்கு வந்தார்கள். நான் பேசாமலிருந்து யாரைக் காப்பாற்றினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. விளக்கேற்றுகிறேன், செவ்வாய் வெள்ளி விரதம் இருக்கிறேன். முருகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியது அவனிடம் இல்லையே. வீட்டுக்காரர் இன்னமும் யாராவது பேச்செடுத்தால் அந்த டீச்சரைத்தான் ஏசுகிறார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். வீட்டு வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டு ஐந்து வருஷம் ஆகிறது. முதலில் மகள் அதைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது கதவைத் திறந்து வைத்தாலும் எழுந்திருப்பதில்லை. மாத்திரையில் உடம்பு ஊதிவிட்டது. இந்த வருஷம் பாதயாத்திரைக்கு எழுப்பினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போன மாதம் அவளுக்கு நைட்டி எடுக்க ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். இரண்டாம் மாடியில், கடைச் சீருடையில், துணி மடித்துக்கொண்டிருந்தார் டீச்சர். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. அவர்தான் முதலில் சிரித்தார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிறகு சேர்க்கவில்லை என்பதை, காலையில் மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அன்று எங்கே போயிருந்தேன் என்று இவரிடமாவது இப்போது சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ள எப்படி இருக்கா? ஓடுதாளாக்கா?"

"ஓடுதா டீச்சர்" என்றேன். "நல்லா ஓடுதா."

அவர் முகம் மலர்ந்தது. "பிள்ளைக்கா எடுத்தீங்க?" என்று கேட்டு, நான் தலையசைத்ததும் என் கையிலிருந்த நைட்டியை பில் போட வாங்கினார். அளவுச் சீட்டைப் பார்க்கக் கழுத்துப் பக்கம் திருப்பினார். அந்தக் கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு அது. சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நைட்டியை மேசைமேல் விரித்து, சுருக்கம் இல்லாமல் தடவி, கைகளை உள்ளே மடக்கி, நிதானமாக மடித்துத் தந்தார்.